பிசி-ஸ்பெஸ்: எட்டு மூலிகைக் கூட்டு மருந்தின் சோதனைகள் எதைச் சோதித்தன?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பிரேயா என்ற ஊரில் இயங்கிய பொட்டானிக்லேப் நிறுவனம், 1996 நவம்பரில் பிசி-ஸ்பெஸ் என்ற மூலிகைக் காப்ஸ்யூலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்ட ஆண்கள் அதை நாடி வாங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் காப்ஸ்யூலைப் பற்றி முன்னணி மருத்துவ இதழ்களில் கட்டுரைகள் வெளிவந்தன. பல்கலைக்கழக மருத்துவமனைகள் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தன. மாற்று மருத்துவத்துக்கான அமெரிக்க அரசின் தேசிய ஆய்வு மையம் அதற்கு நிதி ஒதுக்கியது. 2002 பிப்ரவரியில் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் நிறுவனமும் மூடப்பட்டது.

பல மூலிகைகளைச் சேர்த்து மருந்து உருவாக்குகிறவர்களும் அவற்றைச் சோதிக்கிறவர்களும் இந்த நிகழ்வைத் தொடக்கம் முதல் முடிவு வரை படிக்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். 'மூலிகை மருந்தில் கலப்படம்' என்று ஒரே வரியில் இதைச் சொல்லி முடித்துவிடுவதுண்டு. அந்த வரியில் தவறில்லை. ஆனால் அது நமக்குப் பயன்படும் பகுதியை விட்டுவிடுகிறது. இங்கே சோதனை நடத்திய மருத்துவர்கள் திறமையானவர்கள். அவர்கள் பதிவு செய்த எண்கள் உண்மையானவை. நோயாளிகளின் உடலில் தெரிந்த மாற்றமும் கண்கூடானது. கையில் இருந்த காப்ஸ்யூலுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கப்படவில்லை. கேட்கப்பட்ட ஓரிடத்திலும் முழுமையாகக் கேட்கப்படவில்லை.

மருந்தும் அதன் பின்னணியும்

பிசி-ஸ்பெஸின் பட்டியலில் இருந்தவை எட்டு: செவ்வந்திப் பூ, இசாட்டிஸ், அதிமதுரம், ரீஷி காளான், சான்சி எனப்படும் ஒருவகை ஜின்செங், ராப்டோசியா, ஸ்கூட்டெல்லேரியா வேர், சா பால்மெட்டோ பழம். முதல் ஏழும் சீன மருத்துவத்தில் நெடுங்காலமாகப் புழங்குபவை. எட்டாவதான சா பால்மெட்டோ, அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலோரத்தில் வளரும் குட்டைப் பனை இனம். வயதானவர்களுக்கு வரும் புராஸ்டேட் வீக்கத்துக்கு அங்கே அதன் பழச்சாற்றை எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. காப்ஸ்யூல் ஒன்றில் 320 மி.கி. சாறுப்பொடி இருந்தது. சோதனைகளில் நாளொன்றுக்கு ஒன்பது காப்ஸ்யூல்கள் வரை கொடுக்கப்பட்டன.

இந்தச் சேர்மானம் கண்ணை மூடிக்கொண்டு கூட்டப்பட்டதன்று. ஸ்கூட்டெல்லேரியாவில் உள்ள பைக்காலின், அதிமதுரத்தில் உள்ள லிகோசால்கோன் போன்ற பொருள்கள் ஆய்வகத்தில் புற்றணுக்களின் வளர்ச்சியைத் தடுப்பது தெரிந்திருந்தது. முதன்மைச் சரக்கு ஒன்று, அதற்குத் துணை நிற்பவை சில, அதன் கடுமையைத் தணிப்பவை சில என்று வகுத்துச் சேர்ப்பது சீன மருத்துவத்திலும் உண்டு, நம் சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் உண்டு. தனித்தனியே சிறிதளவு வேலை செய்யும் பொருள்கள் சேரும்போது அவற்றின் கூட்டுத்தொகையைவிடக் கூடுதலாக வேலை செய்யலாம் என்ற எதிர்பார்ப்பு நியாயமானதே. இந்த நிகழ்வில் இடறிவிட்டதும் அந்த எதிர்பார்ப்புதான் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இத்தகைய காப்ஸ்யூல் எந்த மருத்துவச் சோதனையும் இல்லாமல் கடைக்கு எப்படி வந்தது? 1994இல் அமெரிக்கா இயற்றிய உணவுத் துணைப்பொருள் சட்டத்தின்படி, நோயைக் குணப்படுத்தும் என்று லேபிளில் உரிமை கோராத மூலிகைப் பொருளை, அதன் பயனை முன்கூட்டி நிரூபிக்காமலே விற்கலாம். அது தீங்கானது என்று காட்டும் பொறுப்பு அரசின் உணவு, மருந்து நிர்வாகத்தின் தலையில் விழுந்தது. ஆகவே பிசி-ஸ்பெஸ் முதலில் நோயாளிகளைச் சென்றடைந்தது. மருத்துவர்கள் அதைப் பற்றிக் கேள்விப்பட்டதே தங்கள் நோயாளிகள் வாயிலாகத்தான். சோதனை, விற்பனையின் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

1998: முதல் அடையாளம்

புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோனை உண்டு வளர்கிறது. அதைக் குறைத்தால் நோய் சுருங்கும் என்பதை 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். அதற்காக 1966இல் நோபல் பரிசும் பெற்றார். விரைகளை நீக்குவது அன்று ஒரு வழி. மற்றொரு வழி, டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை, அதாவது பெண் இயக்குநீரைப் போல வேலை செய்யும் பொருளைக் கொடுப்பது. சுருக்கமாக டி.இ.எஸ். எனப்படும் இந்தப் பொருள் 1938இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினரால் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது; விலை குறைவு, வேலை உறுதி. ஆனால் இரத்தம் உறைந்து குழாய்களை அடைப்பதும் இதயக் கோளாறும் அதன் கூடவே வந்தன. ஊசி வடிவில் வேறு மருந்துகள் 1980களில் வந்தபின் டி.இ.எஸ். ஓரத்துக்குத் தள்ளப்பட்டது.

நியூ ஜெர்சியைச் சேர்ந்த ராபர்ட் டிபாவோலா குழுவினர் 1998 செப்டம்பரில் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' வெளியிட்ட கட்டுரையில் பிசி-ஸ்பெஸின் இயல்பு முதன்முதலாகத் தெளிவாக வரையப்பட்டது. அவர்கள் கையாண்ட முறை இன்றும் பாராட்டத்தக்கது. காப்ஸ்யூல் பொடியை எத்தனாலில் ஊறவைத்துச் சாறெடுத்து, ஈஸ்ட்ரோஜனை உணரும்படி மரபணு மாற்றப்பட்ட ஈஸ்ட் என்ற நுண்ணுயிரில் இட்டார்கள். இருநூறில் ஒரு பங்காக நீர்த்த பிறகும் அந்தச் சாறு ஈஸ்ட்ரோஜனைப் போலவே ஈஸ்டைத் தூண்டியது. சூலகம் நீக்கப்பட்ட பெண் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் கருப்பை எடை கூடியது; உடலில் சொந்த ஈஸ்ட்ரோஜன் இல்லாத எலியின் கருப்பை பெருக்கிறது என்றால், அந்த ஈஸ்ட்ரோஜன் கொடுத்த பொருளிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். பிசி-ஸ்பெஸ் எடுத்துக்கொண்டிருந்த எட்டு நோயாளிகளை ஆராய்ந்ததில், டெஸ்டோஸ்டிரோன் அளக்கப்பட்ட ஆறு பேருக்கும் அது இறங்கியிருந்தது; எட்டுப் பேருக்கும் பி.எஸ்.ஏ. என்ற நோய்க்குறிப் புரதம் குறைந்திருந்தது. எட்டுப் பேருக்கும் மார்பில் வலியும் பாலுணர்வுக் குறைவும் ஏற்பட்டிருந்தன. ஒருவருக்குச் சிரையில் இரத்தம் உறைந்திருந்தது.

பயன், பக்கவிளைவு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அனுபவமுள்ள எந்தப் புற்றுநோய் மருத்துவருக்கும் டி.இ.எஸ். நினைவுக்கு வந்தே தீரும். டிபாவோலா குழுவினருக்கும் வந்தது. அவர்கள் கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் நிறப்பிரிகை முறையிலும், மூலக்கூறுகளை அவற்றின் நிறையால் அடையாளம் காணும் நிறை அலைமாலை முறையிலும் தேடிப் பார்த்து, காப்ஸ்யூலில் உள்ள ஈஸ்ட்ரோஜன் தன்மையுள்ள பொருள்கள் டி.இ.எஸ்.ஸிலிருந்தும் உடலின் இயற்கை ஈஸ்ட்ரோஜன்களிலிருந்தும் வேறுபட்டவை என்று எழுதினார்கள். முறைப்படுத்தப்படாத இந்தக் கலவையைப் பயன்படுத்துவது ஆபத்தானது என்ற எச்சரிக்கையும் அதே கட்டுரையில் இருந்தது. எச்சரிக்கை பின்தங்கியது, 'டி.இ.எஸ். அன்று' என்ற வரி முன்னால் சென்றது. ஒரு குழு, தன்னிடம் இருந்த மாதிரியில், தன்னிடம் இருந்த கருவியின் நுட்பத்துக்குள் கண்ட முடிவு, அந்த மருந்தின் எல்லாக் காப்ஸ்யூல்களுக்கும் பொருந்தும் முடிவாகப் படிக்கப்பட்டது.

2000: கைமேல் பலன்

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் எரிக் ஸ்மால் தலைமையில் நடந்த சோதனையின் முடிவு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. எழுபது நோயாளிகள். அவர்களில் 33 பேருக்கு நோய் இன்னும் ஆண் இயக்குநீரைச் சார்ந்தே இருந்தது. 37 பேருக்கு, அந்த இயக்குநீரைக் குறைத்த பிறகும் நோய் வளர்ந்துகொண்டிருந்தது. முதல் பிரிவில் எல்லோருக்கும் பி.எஸ்.ஏ. 80 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைந்தது. இரண்டாம் பிரிவில், மதிப்பிட முடிந்த 35 பேரில் 19 பேருக்கு அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கியது. இரண்டாம் பிரிவின் விளைவே பலரை வியக்க வைத்தது. அந்த நிலையில் உள்ளவர்களுக்கு அன்று கொடுப்பதற்கு நல்ல மருந்து அதிகம் இல்லை. மூன்று பேருக்கு இரத்த உறைவும் மூன்று பேருக்கு ஒவ்வாமையும் கடுமையாக ஏற்பட்டன.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால், சோதனையைக் குறை சொல்ல இடமில்லை. நோயாளிகள் தெளிவாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள், அளவுகோல் முன்னதாகவே வகுக்கப்பட்டிருந்தது, தீங்குகள் மறைக்கப்படவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவு இல்லை என்பது குறைதான். முதல் கட்டங்களில் அது வழக்கமே. இவ்வளவு பெரிய விளைவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அன்று பலரும் ஒப்புக்கொண்ட விடை, எட்டு மூலிகைகளின் கூட்டுச் செயல் என்பதே. எந்த ஒரு மூலிகையையும் தனியே எடுத்தால் இவ்வளவு ஈஸ்ட்ரோஜன் வலிமை அதில் இல்லை. ஆகவே சேர்க்கையில்தான் அந்த வலிமை பிறக்கிறது என்று வாதிக்கப்பட்டது.

என் கணிப்பில், கூட்டு மருந்து ஆய்வில் மிகவும் எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டிய விளக்கம் இதுவே. உறுப்புகள் தனித்தனியே காட்டாத விளைவைக் கூட்டு காட்டினால், அதற்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும். உறுப்புகள் ஒன்றையொன்று தூண்டியிருக்கலாம். பட்டியலில் இல்லாத வேறொன்று உள்ளே இருக்கலாம். இரண்டாவதை விலக்கிய பிறகே முதலாவதைப் பேச வேண்டும். கூட்டுச் செயலில் நம்பிக்கை உள்ளவர்களே இந்த ஒழுங்கை எல்லோரையும்விடக் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டியவர்கள்.

காப்ஸ்யூலுக்குள்

2001இல் அதே 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' ஒரு கடிதம் வந்தது. பிசி-ஸ்பெஸ் எடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு இரத்தம் உறையாமல் கசியும் கோளாறு ஏற்பட்டிருந்தது. ஈஸ்ட்ரோஜன் இரத்தத்தை உறையச் செய்யும். இங்கோ நேர் எதிரானது நடந்திருந்தது. 2002 பிப்ரவரியில் கலிஃபோர்னியா மாநில சுகாதாரத் துறை காப்ஸ்யூல்களை ஆராய்ந்து, பிசி-ஸ்பெஸில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் இருப்பதாக அறிவித்தது. அதே நிறுவனத்தின் ஸ்பெஸ் என்ற மற்றொரு தயாரிப்பில் பதற்றம் தணிக்கும் ஆல்ப்ரசோலம் இருந்தது. உணவு, மருந்து நிர்வாகம் மக்களை எச்சரித்தது. நிறுவனம் இரண்டையும் திரும்பப் பெற்றது. அரசு நிதியில் நடந்துகொண்டிருந்த ஆய்வுகள் நிறுத்தி வைக்கப்பட்டன.

முழு உண்மை 2002 செப்டம்பரில், மிலோஷ் சோவாக் குழுவினர் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இதழில் எழுதிய கட்டுரையில் வெளிப்பட்டது. அவர்கள் செய்த வேலையின் சிறப்பு, ஏதோ ஒரு புட்டியை வாங்கிச் சோதிக்காமல், 1996 முதல் 2001 வரை வெவ்வேறு காலத்தில் தயாரான பேட்ச்களைத் திரட்டி, ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்திப் பார்த்ததில் இருக்கிறது. அவ்வாறு பார்த்தபோதுதான் பிசி-ஸ்பெஸ் என்று ஒரே ஒரு மருந்து இருந்ததே இல்லை என்பது தெரிந்தது.

1996 முதல் 1999ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரையிலான பேட்ச்களில் வலியும் வீக்கமும் குறைக்கும் இண்டோமெதசின், கிராம் ஒன்றுக்கு 1.07 முதல் 13.19 மி.கி. வரை இருந்தது. டி.இ.எஸ்., கிராமுக்கு 107 முதல் 159 மைக்ரோகிராம் வரை இருந்தது. 1998 ஜூலைக்குப் பிறகான பேட்ச்களில் வார்ஃபரின், கிராமுக்கு 341 முதல் 560 மைக்ரோகிராம் வரை தோன்றியது. 1999 வசந்த காலத்துக்குப் பின் தயாரானவற்றில் இண்டோமெதசினும் டி.இ.எஸ்.ஸும் படிப்படியாகக் குறைந்தன, டி.இ.எஸ். கடைசியில் இல்லாமலே போனது. முந்தைய பேட்ச்கள், பிந்தியவற்றைவிட ஆய்வகத்தில் இரண்டு முதல் ஆறு மடங்கு வலிமையாகப் புற்றணுக்களைத் தடுத்தன. ஈஸ்ட்ரோஜன் தன்மையில் ஐம்பது மடங்கு வரை கூடுதலாக இருந்தன. 2001இல் தயாரான பேட்சில் இன்னொரு மாற்றமும் தெரிந்தது: இயற்கைப் பொருள்களான பைக்காலின் ஏறத்தாழ மூன்று மடங்கும் லிகோசால்கோன் ஏ ஏறத்தாழ பத்து மடங்கும் உயர்ந்திருந்தன. அதாவது, செயற்கைப் பொருள்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் மூலிகைப் பகுதி ஒரே சீராக இருக்கவில்லை.

மைக்ரோகிராம் கணக்கு சிறியதாகத் தோன்றக்கூடும். நோயாளி விழுங்கிய அளவுக்கு மாற்றிப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஒன்பது காப்ஸ்யூல் என்பது 2.88 கிராம் பொடி. தொடக்க கால பேட்ச் ஒன்றை எடுத்துக்கொண்டவர், நாள்தோறும் ஏறத்தாழ 0.3 முதல் 0.46 மி.கி. வரை டி.இ.எஸ்.ஸை விழுங்கியிருப்பார். மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த டி.இ.எஸ். நாளொன்றுக்கு 1 முதல் 3 மி.கி. வரை இருந்தது என்பதோடு இதை ஒப்பிட வேண்டும். இண்டோமெதசின் 3 முதல் 38 மி.கி. வரை ஆகிறது, மேல் எல்லை, 25 மி.கி. மாத்திரை ஒன்றைவிட அதிகம். வார்ஃபரின் 1 முதல் 1.6 மி.கி. வரை ஆகிறது, இரத்தப் பரிசோதனை செய்து செய்து அரை மில்லிகிராம் கூட்டிக் குறைத்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. புற்றுநோயோடு வாழும் முதியவர் ஒருவர், தமக்கே தெரியாமல், தம் மருத்துவருக்கும் தெரியாமல், எந்தக் கண்காணிப்பும் இல்லாமல் இவை மூன்றையும் பல மாதங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார். இந்த நிகழ்வைப் பற்றி எழுதும்போதெல்லாம் மனத்தை உறுத்துவது இந்தக் கணக்குத்தான்.

இவை மூலிகையிலிருந்தே வந்திருக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. வார்ஃபரினுக்கு மூலமான பொருள், பூஞ்சை பிடித்த இனிப்பு கிளோவர் வைக்கோலில் கண்டறியப்பட்டது உண்மையே. விஸ்கான்சினில் மாடுகள் இரத்தம் கசிந்து இறந்ததை ஆராய்ந்தே அதைக் கண்டார்கள். ஆனால் வார்ஃபரின் என்ற மூலக்கூறு ஆய்வகத்தில் செய்யப்பட்டது. டி.இ.எஸ்.ஸும் இண்டோமெதசினும் அவ்வாறே. இம்மூன்றையும் எந்தச் செடியும் தருவதில்லை. யார் கலந்தார்கள், எந்த இடத்தில் கலந்தது என்பதை ஆய்வக எண்கள் சொல்லமாட்டா. காப்ஸ்யூலில் இருந்தன என்பதை மட்டும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கின்றன.

இப்போது முந்தைய சோதனைகளுக்குத் திரும்பலாம். டெஸ்டோஸ்டிரோன் இறங்கியதும் மார்பு வலித்ததும் இரத்தம் உறைந்ததும் டி.இ.எஸ். இருந்தால் நடக்கக்கூடியவை. எலும்பில் பரவிய நோயால் வந்த வலி குறைந்ததாகச் சில சிறு ஆய்வுகள் சொன்னதற்கு இண்டோமெதசின் காரணமாக இருந்திருக்கலாம். 2001இல் பதிவான இரத்தக் கசிவுக்கு வார்ஃபரின் பொருந்துகிறது. கூட்டுச் செயல் என்று விளக்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் இப்போது எளிமையான வேறொரு விளக்கம் கிடைக்கிறது.

விடை கிடைக்காமல் நின்ற சோதனை

இந்தக் குழப்பத்துக்கு நடுவே நடந்துகொண்டிருந்த ஒரு சோதனை, சரியான கேள்வியைக் கேட்டிருந்தது. வில்லியம் ஓ தலைமையில் பல மருத்துவமனைகளில் நடந்த அந்தச் சோதனையில், இயக்குநீர்ச் சிகிச்சைக்குக் கட்டுப்படாத நோயாளிகள் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு பிசி-ஸ்பெஸ், மற்றதற்கு நாளொன்றுக்கு 3 மி.கி. டி.இ.எஸ். பிசி-ஸ்பெஸ் என்பது ஈஸ்ட்ரோஜனின் மற்றொரு வடிவம் மட்டுந்தானா, அதற்கு மேலும் ஏதாவது செய்கிறதா என்பதை அறிய இதைவிட நேரான வழி இல்லை. இரத்த உறைவைத் தடுப்பதற்காக இரு பிரிவினருக்கும் வார்ஃபரின் கொடுக்கப்பட்டது. பிசி-ஸ்பெஸுக்குள்ளேயே வார்ஃபரின் இருக்கக்கூடும் என்பதை அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் அன்று அறிந்திருக்க வழியில்லை.

தொண்ணூறு பேர் சேர்ந்திருந்த நிலையில் சோதனை நிறுத்தப்பட்டது. 2004இல் வெளியான முடிவின்படி, பி.எஸ்.ஏ. பாதியாகக் குறைந்தவர்கள் பிசி-ஸ்பெஸ் பிரிவில் 40 விழுக்காடு, டி.இ.எஸ். பிரிவில் 24 விழுக்காடு. நோய் மீண்டும் முன்னேறும்வரை ஆன காலமும் பிசி-ஸ்பெஸ் பிரிவிலேயே நீண்டிருந்தது. அந்தச் சோதனையில் பயன்படுத்திய பேட்ச்களை ஆராய்ந்தபோது அவற்றில் டி.இ.எஸ். இருந்தது, ஆனால் மறுபிரிவுக்குக் கொடுத்த அளவோடு ஒப்பிட மிகச் சிறிய பங்கே இருந்தது. எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற மற்றொரு செயற்கை ஈஸ்ட்ரோஜனும் தென்பட்டது.

இந்த முடிவை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஆதங்கமே மிஞ்சுகிறது. கலந்திருந்த டி.இ.எஸ். இவ்வளவு குறைவு என்றால், 40 விழுக்காட்டு விளைவை அது மட்டும் தந்திருக்க முடியாது. எஞ்சிய விளைவு மூலிகைகளால் வந்திருக்கலாம். ஒருவேளை அந்தச் சேர்மானத்தில் உண்மையாகவே ஒரு மருந்து ஒளிந்திருந்திருக்கலாம். மற்றச் செயற்கைப் பொருள்களும் உள்ளே இருந்ததால், அப்படிச் சொல்லும் உரிமையை அந்தத் தரவு யாருக்கும் தரவில்லை. கலப்படம் நோயாளிகளுக்குத் தீங்கு செய்தது. கூடவே, அந்த எட்டு மூலிகைகளைப் பற்றி அறியக்கூடியதாக இருந்த உண்மையையும் அழித்தது.

எப்படிச் சோதித்திருக்க வேண்டும்

இதற்கு எதிர்நிலையில் வைத்துப் பார்க்கத்தக்க ஒன்று, யேல் பல்கலைக்கழகத்தில் யுங்-சி செங் குழுவினர் உருவாக்கிய பிஎச்ஒய்906. ஏறத்தாழ 1800 ஆண்டுப் பழமையுடைய ஹுவாங் சின் டாங் என்ற சீனக் குடிநீரே அதன் மூலம். ஸ்கூட்டெல்லேரியா வேர், அதிமதுரம், பியோனி வேர், இலந்தை இனத்தைச் சேர்ந்த சீன இலந்தைப் பழம் என்று நான்கே சரக்குகள்; அவற்றில் இரண்டு பிசி-ஸ்பெஸிலும் இருந்தவை. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கப்பட்டு வந்த அந்தக் குடிநீரை, பெருங்குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் இரினோடெகான் என்ற மருந்தால் வரும் கடும் வயிற்றுப்போக்கைத் தணிக்குமா என்று அவர்கள் ஆராய்ந்தார்கள். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பெரிதாகக் கேட்காமல், பழைய மருத்துவ நூல் சொல்லும் பயனுக்கு மிக அருகில் உள்ள சிறிய கேள்வியை எடுத்துக்கொண்டதே முதல் நல்ல முடிவு என்பேன்.

அவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்தது பேட்ச்களை ஒப்பிடும் வழியை வகுத்தது. ஒவ்வொரு பேட்சின் வேதிப்பொருள் கோலத்தையும் நிறப்பிரிகை முறையில் வரைந்தார்கள். அது போதாது என்பதை உணர்ந்து, சாற்றை மனிதக் கல்லீரல் அணுக்களில் இட்டு, எந்தெந்த மரபணுக்கள் தூண்டப்படுகின்றன, எவை அடங்குகின்றன என்ற கோலத்தையும் பதிவு செய்தார்கள். இரண்டு கோலமும் பழைய பேட்சோடு ஒத்துப்போனால்தான் புதிய பேட்ச் அதே மருந்து. பெயர் தெரியாத ஒரு பொருள் உள்ளே வந்தாலும் அணுக்களின் நடத்தை மாறிக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதே இந்த இரண்டாம் கோலத்தின் பலம். நூற்றுக்கணக்கான பொருள்கள் அடங்கிய கூட்டு மருந்தில், ஒன்றிரண்டு அடையாளப் பொருள்களை மட்டும் அளந்து 'தரப்படுத்தியாயிற்று' என்று சொல்வதைவிட இது பல படி மேலானது. பிசி-ஸ்பெஸின் பேட்ச்கள் இவ்வாறு பார்க்கப்பட்டிருந்தால், ஐம்பது மடங்கு ஈஸ்ட்ரோஜன் வேறுபாடு முதல் ஒப்பீட்டிலேயே தெரிந்திருக்கும்.

2010இல் அவர்கள் வெளியிட்ட சுண்டெலி ஆய்வில், பிஎச்ஒய்906 இரினோடெகானின் புற்றெதிர்ப்புத் திறனைக் குறைக்காமலே குடல் சிதைவைக் குறைத்தது. குடலின் உட்சுவரைப் புதுப்பிக்கும் மூல அணுக்கள் மீண்டும் பெருகுவதற்குத் துணைநின்றது. அழற்சியைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் தணித்தது. பல சரக்குகள் பல இடங்களில் வேலை செய்கின்றன என்ற பழைய கருத்துக்கு இங்கே அளந்தறிந்த ஆதாரம் கிடைக்கிறது. மனிதர்களிடம் நடக்கும் ஆய்வுகள் நிதானமாக நகர்கின்றன. மருந்து இன்னும் அனுமதி பெறும் நிலையை எட்டவில்லை. அமெரிக்கா 2004இல் தாவர மருந்துகளுக்குத் தனி வழிகாட்டு நெறி வகுத்தது. அதன் வழியே 2006இல் தேயிலைச் சாற்றுக் களிம்பும், 2012 இறுதியில் ஒரு தென்னமெரிக்க மரத்தின் பாலிலிருந்து எடுத்த மருந்தும் அனுமதி பெற்றன. இரண்டும் ஒற்றைத் தாவரத்திலிருந்து வந்தவை. கூட்டு மருந்தின் பாதை அதைவிடச் செங்குத்தானது.

இந்தியாவிலும் இந்தக் கேள்வி நேரடியாகவே எழுகிறது. மருந்து, அழகுப்பொருள் விதிகளில் 2010இல் சேர்க்கப்பட்ட 158பி விதியின்படி, அதற்கான சட்டத்தின் அட்டவணையில் உள்ள பழைய நூல்களில் சொன்னபடியே, சொன்ன நோய்க்கே செய்யப்படும் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துக்குப் புதிதாகப் பயன் ஆய்வு கோரப்படுவதில்லை. நூலின் சான்று செய்முறைக்கு உரியது. கடையில் இருக்கும் புட்டிக்கு உரியதன்று. 2015இல் வந்த தாவர மருந்து என்ற புதிய வகையோ, ஒரு மூலிகையின் தூய்மையாக்கப்பட்ட சாற்றை மனத்தில் கொண்டு வரையப்பட்டது. பல சரக்குகள் சேர்ந்த குடிநீரும் சூரணமும் இந்த இரண்டுக்கும் இடையே நிற்கின்றன. அவற்றை ஆராயும் நம் கல்லூரிகளிலும் ஆய்வகங்களிலும், சோதனையில் பயன்படுத்திய அதே பேட்சில் ஒரு பகுதியை முத்திரையிட்டுப் பாதுகாத்து வைப்பதும், மருந்து காட்டும் விளைவை எந்த நவீன மருந்து தருமோ அந்த மருந்து உள்ளே இல்லை என்று முதலிலேயே தேடி உறுதிசெய்வதும் கட்டாயமாக வேண்டும். சர்க்கரையைக் குறைக்கும் சூரணம் என்றால் சர்க்கரை நோய் மாத்திரைகளின் தடயத்தையும், மூட்டுவலி தீர்க்கும் லேகியம் என்றால் ஸ்டீராய்டையும் வலி மாத்திரையையும் தேட வேண்டும். ஒரு சரக்கை நீக்கிவிட்டு மீதியைச் சோதிப்பது, பிறகு அடுத்ததை நீக்கிச் சோதிப்பது என்ற முறையால்தான் எந்தச் சரக்கு எதற்குத் துணை என்பது விளங்கும்; ஆனால் அந்த வேலை, உள்ளே இருப்பது இன்னது என்று தெரிந்த பிறகே தொடங்க முடியும்.

பிசி-ஸ்பெஸ் போனபின், ஏறத்தாழ அதே மூலிகைப் பட்டியலோடு வேறு பெயர்களில் காப்ஸ்யூல்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றை வாங்க நினைப்பவர் 1998, 2000 ஆண்டுகளின் எண்களைப் படித்துவிட்டு முடிவெடுத்தால் ஏமாந்துபோவார். அந்த எண்கள் மூலிகைப் பட்டியல் ஒன்றிலிருந்து வந்தவை அல்ல, அன்று கையில் இருந்த குறிப்பிட்ட சில பேட்ச்களிலிருந்து வந்தவை. எட்டு மூலிகைகளை மட்டுமே கொண்டது என்று உறுதிசெய்யப்பட்ட காப்ஸ்யூலை டி.இ.எஸ்.ஸோடு ஒப்பிடும் சோதனை, 2002இல் நின்ற இடத்திலிருந்து புதிதாகத் தொடங்கப்பட வேண்டும்.